சம்மதம் கேட்காத கடிதம்

மகனுக்கு 21 வயது ஆகப்போகிறது, விருந்தை எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த வயதை நெருங்கும்போது வருவதுதான். மறுப்புப் படிவம் அனுப்பாவிட்டால், இறந்த பிறகு சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி இவற்றை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தச் சட்டத்தில் இடமுண்டு.

"நல்ல நாள் வர்ற நேரத்துல இது என்ன பேச்சு?" என்றார் என் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்காமலே எடுத்துடுவாங்களா?" என்றார்.

நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான். என் அண்ணன் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையைப் பார்த்த பிறகு மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிற சிறுநீரகத்தைப் பற்றி எனக்கு வேறு மாதிரி யோசிக்க வரவில்லை. 1987-ல் சட்டம் வந்தபோது விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும்தான். 2004-ல் மற்ற உறுப்புகளும் எல்லா வகை மரணங்களும் சேர்ந்தன, 2008-ல் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டார்கள். மறுத்தவருக்கு உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னால்தான் இடம், மனம் மாறி மறுப்பைத் திரும்பப் பெற்றாலும் மற்றவர்களோடு சமமான இடம் கிடைக்க இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனாலும் அத்தையின் கேள்வி லேசானதில்லை. 2007-ல் இங்கே ஒரு குடும்பம், மூளைச்சாவு அடைந்தவர் பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கையில், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மருத்துவர்களிடம் மண்டியிட்டுக் கெஞ்சியது செய்திகளில் வந்தது. மருத்துவர்கள் ஏற்கெனவே காத்திருந்துதான் பார்த்தார்கள், உறுப்புகள் கெட்டுவிடும் என்பதும் உண்மைதான், சட்டப்படி தவறே இல்லை. ஆனால் சுவாசக் கருவியால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, தொட்டால் உடம்பு சூடாக இருக்கிறது, அந்த நேரத்தில் இறந்துவிட்டார் என்றால் எந்த அம்மா நம்புவாள்?

ஸ்பெயினிலும் 1979-லிருந்து இதே மாதிரி சட்டம்தான். ஆனால் அங்கே தானம் பெருகியது 1989-ல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பைத் தொடங்கி, மருத்துவமனைதோறும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களையே ஒருங்கிணைப்பாளர்களாகப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்த பிறகுதான். சட்டம் கையில் இருந்தும் அவர்கள் குடும்பத்தைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். அந்த அமைப்பை உருவாக்கிய ரஃபேல் மத்தேசான்ஸ், தங்கள் வெற்றிக்குச் சட்டம் காரணமில்லை என்றே சொல்லி வந்தார். இங்கேயும் அப்படி ஒருவர் அந்தக் குடும்பத்தோடு முதல் நாளிலிருந்தே உட்கார்ந்து பேசியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகன் படிவத்தை அனுப்பவில்லை. "எடுத்துக்கட்டும் பாட்டி, எனக்கு ஓகேதான்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான். அப்போதுதான் நான், "அத்தை, நீங்களும் இதுல இருக்கீங்க" என்றேன். 60 வயதுக்கு மேல் விலக்கு இருந்ததையும் 2009-ல் அது போனதையும் சொன்னேன். அவருக்கு இப்போது 78.

"இத்தனை வருஷமா நானும் அதுல இருக்கேனா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணைக் கொடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நான் அப்போதே கேட்டேன். சரி என்றார்.