தொலைநிலைப் பட்டத்தோடு ராணுவச் செவிலியர் பணிக்கு

ராணுவச் செவிலியராகச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டத்தை ராணுவம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான். சிலர் வியந்து கேட்கிறார்கள், சிலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். சந்தேகத்தில் நியாயம் இருப்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

செவிலியர் தொழிலை அடிப்படையிலிருந்து தொலைநிலையில் கற்றுவிட முடியாது. ரத்தக்குழாயில் ஊசி ஏற்றுவதையும், நோயாளியின் மூச்சையும் நிறத்தையும் பார்த்தே அவர் நிலை மோசமாகிறது என்று கண்டுகொள்வதையும் வார்டில் நின்றுதான் பழக வேண்டும். நம்பத் தகுந்த தொலைநிலைச் செவிலியர் பட்டப்படிப்புகள் பெரும்பாலும், பட்டயப் படிப்பை முடித்து, பதிவு பெற்று, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்காகவே நடத்தப்படுகின்றன. நானும் அவ்வாறே, வேலையை விடாமல், இரவுப் பணி முடிந்து வந்த பகல்களில் படித்தேன். கைப்பழக்கம் மருத்துவமனையில் கிடைத்தது. அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களைப் பட்டப்படிப்பு விளக்கியது.

பட்டயம் இருக்கும்போது பட்டம் எதற்கு என்றால், பல நாடுகளின் ராணுவங்களில் செவிலியர் அதிகாரி நிலையில் சேர்க்கப்படுகிறார். அந்த நிலை எளிதில் கிடைத்துவிடவில்லை. அமெரிக்க ராணுவச் செவிலியர் படை 1901-இல் தொடங்கப்பட்டபோது அதில் இருந்த பெண்களுக்குப் பதவி நிலையே கிடையாது. 1920-இல் பெயரளவிலான நிலை வந்தது. முழு அதிகாரத்துடன் கூடிய நிலையான பதவிக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண் செவிலியர்களுக்கு அந்தப் படையின் கதவு 1955-இல்தான் திறந்தது. இன்று அங்கே அதிகாரியாகச் சேர இளநிலைப் பட்டம் வேண்டும். இந்திய ராணுவச் செவிலியர் பணியிலும் பட்டம் பெற்றவர்கள் லெப்டினன்ட் நிலையிலிருந்து தொடங்குகிறார்கள்.

படிப்பில் எனக்குச் சற்றும் பிடிக்காத பாடம் புள்ளியியல். நோயாளியைத் தொடாத கணக்கு எதற்கு என்று எரிச்சலோடுதான் ஒப்படைப்புகளை எழுதினேன். ஆனால் ராணுவச் செவிலியத்தின் வரலாறே ஒரு கணக்கிலிருந்து திசை மாறியது. 1854-இல் கிரிமியப் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்களைக் கவனிக்க 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்ற ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், பின்னர் மாதவாரியான மரண எண்ணிக்கையை வரைபடமாக்கி 1858-இல் வெளியிட்டார். போர்க் காயங்களைவிட, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களே வீரர்களை அதிகம் கொன்றன என்பதை அதிகாரிகள் மறுக்க முடியாதபடி அது காட்டியது. விளக்கேந்திய பெண்மணியாகவே அவரைப் பாடப்புத்தகங்கள் நினைவுகூர்வது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவருடைய பேனா அந்த விளக்கைவிட அதிகம் சாதித்தது.

நேர்காணலில் என் பட்டத்தைப் பற்றி வந்த கேள்வி நேரடியானது: செய்முறைப் பயிற்சியை எங்கே, யாருடைய மேற்பார்வையில், எந்தெந்த வார்டுகளில் செய்தீர்கள்? பொறுப்புச் செவிலியர்கள் கையொப்பமிட்ட பதிவேடு என்னிடம் இருந்ததால் பேச்சு அங்கேயே முடிந்தது. உடல் தகுதித் தேர்வு, பின்னர் அணிவகுப்பு, வணக்கம் செலுத்தும் முறை, நிலவரைபடம் பார்த்து வழி அறிதல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவற்றில் விரித்துச் சொல்ல அதிகமில்லை.

உண்மையான மாற்றம் சிந்தனை வரிசையில் வந்தது. பொது மருத்துவமனையில் முதலில் மூச்சுப்பாதையைப் பார், அடுத்து சுவாசம், அதன்பின் ரத்த ஓட்டம் என்று பழக்கப்பட்டவள் நான். போர்க்கள மருத்துவத்தில் பீறிடும் ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை, ஏனெனில் அங்கே தடுத்திருக்கக்கூடிய மரணங்களில் பெரும்பகுதி ரத்தப்போக்கால் நிகழ்கிறது. கை கால்களில் இறுக்குப்பட்டை போட்டால், போட்ட நேரத்தைக் கண்ணில் படும்படி எழுதியாக வேண்டும். ரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறன் குறைகிறது. உறையாவிட்டால் இழப்பு கூடுகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. அது உறைதலை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுழலைப் பட்டப்படிப்பின் நோய்க்கூறு இயல் பாடத்தில் படித்திருந்ததால், காயமடைந்தவருக்குக் கம்பளி போர்த்துவது ஆறுதலுக்காக அல்ல, அதுவும் சிகிச்சைதான் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் எங்கள் அன்றாடப் பணியில் பெரும்பகுதி காய்ச்சல், சுளுக்கு, தடுப்பூசி, வீரர்களின் குடும்பத்தினருக்கான பிரசவம் ஆகியவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீருடை அணிந்த பிறகு நான் திரும்பத் திரும்பப் படித்தது 1949-ஆம் ஆண்டின் முதலாவது ஜெனிவா உடன்படிக்கை, அதாவது போரில் காயமடைந்தவர்களைக் காக்க நாடுகள் ஏற்றுக்கொண்ட சர்வதேசச் சட்டம். காயமடைந்தவர்களில் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்கிறது அது. எதிரிப் படையைச் சேர்ந்தவருக்கும் இதே விதிதான். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, பதவியையும் நாட்டையும் பாராமல் காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து முறை வகுத்தது அதற்கும் நெடுங்காலம் முந்தியது. மருத்துவப் பணியாளர் ஆயுதம் வைத்திருக்கலாம், ஆனால் தன்னையும் தன் பொறுப்பில் உள்ள நோயாளிகளையும் காக்க மட்டும். எதிரியிடம் சிக்கினால் அவர் போர்க்கைதியாகக் கருதப்படுவதில்லை, கைதிகளுக்கு மருத்துவப் பணி செய்வதற்காகவே அங்கே நிறுத்தி வைக்கப்படலாம். அதிகாரியின் கட்டளையும் செவிலியரின் உறுதிமொழியும் மோதும்போது என்ன செய்வது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பிரிவுகளைத்தான், ஏனெனில் கட்டளை இடும் அதிகாரியும் இவற்றுக்குக் கட்டுப்பட்டவர்.

இந்த வழியில் வர நினைப்பவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பட்டத்துக்கு உங்கள் நாட்டுச் செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மன்றத்திடமே எழுதிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பொது அங்கீகாரம் வேறு, இந்தக் குறிப்பிட்ட படிப்பின் அங்கீகாரம் வேறு. வயது வரம்பையும் இப்போதே பாருங்கள், ஏனெனில் வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்குப் படிப்பு நீண்டுகொண்டே போகும். செய்முறைப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கையொப்பத்தை அந்தந்த வார்டிலேயே வாங்கிவிடுங்கள். பொறுப்பாளர் இடமாற்றமாகிப் போன பின் ஊர் ஊராகத் தேடுவது படிப்பைவிடக் கடினமானது.