படித்துக் காட்டப்பட்டது

விசாரணை ஆணையம் ஒன்றில் சுருக்கெழுத்தராக இருந்தபோது, ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் ஒரே வரியைத் தட்டுவேன்: 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்.' அதற்குக் கீழே சாட்சியின் கையெழுத்து. முதல் சில வாரம் அது எனக்கு வெறும் சம்பிரதாயம். வெளியே பெஞ்சில் இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். கடகடவென்று வாசித்து முடித்துவிடுவேன்.

நெரிசலில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாதான் என்னை நிறுத்தினார். "வாயிற்கதவு மூடப்பட்டிருந்தது" என்று வாசித்தேன்.

"நான் அப்படிச் சொல்லலையே தம்பி. பூட்டியிருந்ததுன்னு சொன்னேன். பூட்டைப் புடிச்சு இழுத்தே பார்த்தேன்."

சாட்சி பேசப் பேச, அதிகாரி சுருக்கிச் சொல்வதைத்தான் நான் எடுப்பேன். அப்படிச் சுருக்கியதில் பூட்டு கழன்று விழுந்திருந்தது. மூடிய கதவென்றால் காற்றின் மேல்கூடப் பழியைப் போடலாம். பூட்டிய கதவுக்குச் சாவி யாரிடமோ இருந்தாக வேண்டும். சரி, திருத்தினோம். ஓரத்தில் சுருக்கொப்பமும் வாங்கினோம்.

அப்புறம்தான் ஹில்ஸ்பரோ பற்றித் தேடி வாசித்தேன். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கால்பந்து மைதான நெரிசல். இறந்தவர்கள் 97 பேர். கடைசியாக ஒருவர், அன்று பட்ட காயத்தால் 2021இல் இறந்தார். 1991இல் முடிந்த மரண விசாரணை 'விபத்து' என்றது. 2012இல் ஒரு சுயாதீனக் குழு பழைய ஆவணங்களைத் திறந்து பார்த்தால், 164 போலீஸ் வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. காவல்துறைக்குப் பாதகமான வரிகளை 116 வாக்குமூலங்களிலிருந்து எடுத்தோ மாற்றியோ இருந்தார்கள். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்ல 2016 ஆனது.

என் தொழிலுக்கு அந்த 164தான் உறுத்த வேண்டும். ஆனால் மனதை விட்டுப் போகாதது 3.15 என்ற நேரம். பிற்பகல் 3.15க்குப் பின் நடந்ததை முதல் விசாரணை கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்களிடம் வந்தவர்கள் கேட்டதெல்லாம் அந்த நிமிடங்களைத்தான். எத்தனை மணிக்கு மூச்சு நின்றது, பக்கத்தில் யார் இருந்தார்கள், தண்ணீர் கேட்டானா. நஷ்டஈடு பற்றியும் கேட்டார்கள், ஏன் கேட்கக் கூடாது? "பணம்தான் வந்துடுச்சே, இன்னும் என்னவாம்" என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த அம்மா திருத்திய பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பேனாவை வாங்கினார்.

அறிக்கை வெளிவந்தபோது பூட்டைத்தான் முதலில் தேடினேன். பின்னிணைப்பில் இருந்தது.