தென்னையில் இடம் மாறிய கொம்பு

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் என் அறையிலிருந்து சிறுவர்களுக்கான ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டைச் செய்யத் தொடங்கியபோது, அதை விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ராய்ட் ஆகிய மூன்று தளங்களிலும் ஓடவைப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு வாரத்தில் முடிந்தது. சிக்கல் 'தென்னை' என்ற சொல்லில் வந்தது: 'த' எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய எகரக் குறியான கொம்பு பின்னால் போய் நின்றது, அதுவும் மூன்று தளங்களிலும் ஒரே மாதிரி.

கணினியில் எழுத்துகளைச் சேமிப்பதற்கான பொதுத் தரமான யுனிகோட்டில் 'தெ' என்பது முதலில் தகரம், பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. விண்டோஸ் 2000 காலத்திலேயே இயங்குதளம் தமிழுக்கு அந்த வேலையைச் செய்து தந்தது. ஆனால் எங்கும் ஒரே தோற்றம் வேண்டும் என்பதற்காக கேம் எஞ்சின்கள் (விளையாட்டுகளைக் கட்ட உதவும் மென்பொருள்கள்) தளத்தின் உதவியை நாடாமல் எழுத்துகளைத் தாமே வரைகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். நான் ஒவ்வொரு சொல்லையும் படமாக்கி ஒட்டிச் சமாளித்தேன். 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4 என்ற கேம் எஞ்சின், எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டதால், அந்தப் படங்களையெல்லாம் அழிக்க முடிந்தது.

இயங்குதளம் பின்னுக்குப் போவதற்கு இன்னொரு சாட்சி, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டோன். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடவைக்க 1993 இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மீது எழுப்பி, ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்ட்டில் வெளியிட்ட இது, விண்டோஸ் விளையாட்டு அதன் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டிக்கு விடுக்கும் அழைப்புகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மாற்றித் தருகிறது. ஆர்ச் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக் 2022 இல் வந்தது இதை நம்பியே. லினக்ஸுக்கென்றே நான் கட்டிய பதிப்பு, நூலகப் பதிப்புகள் பொருந்தாமல் நண்பரின் கணினியில் திறக்க மறுத்தது; விண்டோஸ் பதிப்பு புரோட்டோன் வழியாக அதே கணினியில் உடனே ஓடியது. லினக்ஸில் மிக நிலையான விளையாட்டுத் தளம் விண்டோஸின் நிரல் இடைமுகம் (மென்பொருள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் வழி)தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் இப்படிச் சுமந்து செல்ல முடியாது. இயங்குதளத்தின் கருவுக்குள் (கெர்னல்) இறங்கிக் காவல் காக்கும் விளையாட்டு மோசடித் தடுப்பு மென்பொருள்கள் புரோட்டோனில் நிற்பதில்லை. ஐபோனுக்கு விளையாட்டைக் கட்ட ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோட்டுக்கு மேக் கணினி வேண்டும், ஆப் ஸ்டோருக்கு ஆண்டுக்கு 99 டொலர் வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கணினிக் கடைத்தொகுதியில் (யுனிட்டி என்ற கேம் எஞ்சினுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது) ஒரு பழைய மேக்கின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அக்காவின் மகனிடம் இருப்பது ஐபோன். அவன் இன்னும் இந்த விளையாட்டைப் பார்த்ததில்லை.