ஏகேடி: மருந்துக் கேள்விகளுக்கு நான் படித்த விதம்

ஏகேடி (ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், ஆவதற்கான ஒரு தேர்வு) முடிவு வந்துவிட்டது, பாஸ். இனி கேள்வி வங்கி எதையும் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைக்குப் பெரிய நிம்மதி. இங்கிலாந்தில் ஜிபி பயிற்சியில் இருக்கும் நம்ம ஆட்கள் பலரும் கேட்பது ஒன்றே: மருந்துக் கேள்விகளுக்கு எதைப் படித்தீர்கள்? அதை மட்டும் சொல்கிறேன். புள்ளியியல், நிர்வாகக் கேள்விகள் பற்றி மற்றவர்கள் சொல்வதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

பிஎஸ்ஏ (மருந்து எழுதும் திறனைச் சோதிக்கும் தேர்வு) எழுதி வந்தவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. அங்கே பிஎன்எஃப் என்ற பிரிட்டன் மருந்துக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். வேகமாகத் தேடத் தெரிந்தால் போதும். ஏகேடியில் அது கிடையாது. அதனால் பிஎன்எஃப்-ஐ அகராதி மாதிரிப் புரட்டாமல், உட்கார்ந்து படிக்க வேண்டும். எல்லாவற்றையும் அல்ல. ஒவ்வொரு நோய்க்கும் உள்ள சிகிச்சைச் சுருக்கம், மருந்தின் பக்கத்தில் கண்காணிப்புப் பகுதி, எதோடு சேரக்கூடாது என்ற பகுதி, இவை போதும்.

நான் எந்த மருந்தை எடுத்தாலும் நான்கே கேள்விகள். தொடங்கும் முன் என்ன டெஸ்ட்? பிறகு எப்போதெல்லாம்? எந்த அளவு வந்தால் கை வைக்க வேண்டும்? எதோடு கொடுக்கக்கூடாது? டோஸ் கடைசியில்தான். பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள், டோஸை மனப்பாடம் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

மனநிலைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியத்தைப் பாருங்கள். ரத்தம் எடுப்பது கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து. அளவு நிலைப்படும் வரை வாரம் ஒருமுறை, முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு 6 மாதத்துக்கு ஒருமுறை. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், முட்டி வலிக்கு இபுப்ரோஃபென், எது சேர்ந்தாலும் லித்தியம் ஏறும். இந்த ஒரு மருந்திலிருந்தே நான்கைந்து கேள்வி தயாரிக்கலாம்.

மெத்தோட்ரெக்சேட் இன்னும் வளமான இடம். வாரம் ஒருமுறைதான், 2.5 மி.கி. மாத்திரை மட்டும்தான், ஃபோலிக் அமிலம் வேறொரு நாளில். முடக்குவாதத்துக்கு அதைச் சாப்பிடும் பெண்மணி சிறுநீர்த் தொற்றோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ட்ரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிவிட்டால் முடிந்தது. இரண்டுமே ஃபோலேட்டைத் தடுப்பவை, எலும்பு மஜ்ஜை அடிவாங்கும். சரி, அதற்குப் பதில் நைட்ரோஃபுரான்டோயின் என்றால், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 45-க்குக் கீழே போயிருக்கிறதா என்று அடுத்த கேள்வி. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்ப் படித்தால் மறக்காது.

இதற்குத் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. தினமும் கையெழுத்துக்கு வரும் தொடர் மருந்துச் சீட்டுகளே பாடம். ஒவ்வொன்றிலும் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆரம்பத்தில் தாமதமாகும், ரிசப்ஷனில் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

தமிழ்நாட்டில் படித்தவர்கள் கவனிக்க: அங்கே பிராண்ட் பெயரில் எழுதிப் பழகிய கை இங்கே ஜெனரிக்குக்கு, அதாவது மருந்தின் பொதுப் பெயருக்கு, திரும்பியதும், எல்லாமே ஜெனரிக் என்று நினைத்துவிடும். லித்தியம், ஃபெனிடோயின், கார்பமாஸெபின், பெக்லோமெட்டாசோன் இன்ஹேலர் எல்லாம் பிராண்டோடுதான் எழுத வேண்டும். பெக்லோமெட்டாசோனிலேயே க்யூவார் என்ற பிராண்ட், க்ளெனில் என்ற பிராண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வீரியம்.

கடைசி வாரத்தில் சுவரில் ஒட்டியவை:

- அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளுக்கு இஜிஎஃப்ஆர் போதாது. வயது, எடையையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வேலையைக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்குப் போட வேண்டும்.
- ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறில் அபிக்ஸபான் 2.5 மி.கி. ஆகக் குறைய: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 133 மைக்ரோமோல்/லிட்டர் அல்லது மேல். மூன்றில் இரண்டு.
- அம்லோடிபினோடு சிம்வாஸ்டாடின் 20 மி.கி.க்கு மேல் வேண்டாம். கிளாரித்ரோமைசினோடு அறவே வேண்டாம்.
- நாளுக்கு 240 மி.கி. கோடீன் என்றால், அதற்குச் சமமான வாய்வழி மார்ஃபின் 24 மி.கி.
- காபாபென்டின், ப்ரிகாபலின் 2019 ஏப்ரல் முதல் கட்டுப்பாட்டு மருந்துகள். சீட்டு 28 நாள்தான் செல்லும்.

உங்கள் சர்ஜரியின் (ஜிபி கிளினிக்கின்) உள்ளூர் மருந்துப் பட்டியலை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு அல்ல. ஆன்டிபயாடிக் தேர்வு ஊருக்கு ஊர் மாறும்; கேள்வி கேட்பவர் நைஸ் (சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் தேசிய அமைப்பு) சொல்வதைத்தான் பார்ப்பார். நைஸின் வழிகாட்டித் தளமான சிகேஎஸ்-இல் ஒவ்வொரு தலைப்பின் அடியிலும் மருந்து எழுதும் விவரம் இருக்கும். அதைத் தவிர்த்து மேலே மட்டும் படிப்பது வீண்.

காசு கட்டிப் போன ஒரு வார இறுதி வகுப்பு சுத்த வேஸ்ட். பிஎன்எஃப்-இல் இருப்பதையே வண்ண ஸ்லைடில் போட்டு வாசித்தார்கள். குழுவாகப் படிப்பதும் எனக்கு ஒத்துவராது, பாதி நேரம் விசா கதையில் போய்விடும். கூட்டத்தில் படித்தால்தான் ஏறும் என்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அப்புறம், நோட்ஸ் கேட்காதீர்கள். 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வலிப்பு மருந்தான வால்ப்ரோவேட் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் ஒப்ப வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வந்தது; அதற்கு முந்தைய நோட்ஸ் வைத்திருந்தவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் எம்எச்ஆர்ஏ வெளியிடும் மருந்துப் பாதுகாப்பு அறிவிப்புகளைப் புதியதிலிருந்து பின்னோக்கி ஒரு வருடத்துக்கு நீங்களே படியுங்கள்.