ஒரு நாள் லேட்

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் ‘ஒரு நாள் லேட்’தான்.

எல்.கே.ஜி.யில் சேர்க்க ஜூலை 31 அன்று பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆண்டாள் பிறந்தது 2022 ஆகஸ்ட் 1. கவுன்டரில் இருந்த பெண் பிறப்புச் சான்றிதழை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஒரு நாள் லேட் மேடம், ப்ரீ.கே.ஜி.தான் போட முடியும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் சும்மா வந்திருப்பேன். ஆனால் கூட வந்தது அத்தை. நங்கநல்லூர் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு வாங்கினால் கறிவேப்பிலையோடு ஒரு இஞ்சித் துண்டையும் சேர்த்து வாங்கி வருகிறவர், ஒரு நாளுக்காக ஒரு வருஷத்தை விட்டுக்கொடுப்பாரா?

“ஒரு நாள்தானேம்மா, பாத்துப் போட்டுக்கோ.”

“எமிஸ்ல எடுக்காது பாட்டி.”

எமிஸ் என்றால் உள்ளே வேலை பார்க்கிற பெண் போலிருக்கிறது என்று அத்தை நினைத்துவிட்டார். “அந்தப் பொண்ணக் கொஞ்சம் கூப்பிடேன், நான் பேசிக்கிறேன்.” அது கம்ப்யூட்டர் என்று விளக்கியதும் பேரம் அடுத்த கட்டத்துக்குப் போனது. “பிள்ள பொறந்தது காலையில ஒம்பது மணிக்கு. அப்ப எங்க ஒரு நாளு? ஒம்பது மணி நேரந்தான்.” கவுன்டர் பெண் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. “அதுவும் ராத்திரி பன்னெண்டுக்கு நாள் மாறுறது வெள்ளக்காரனுக்கு. நமக்குச் சூரியன் உதிக்கணும். ஆறு மணிக்கு உதிச்சுது. மூணு மணி நேரந்தான் லேட்டு.” வரிசையில் பின்னால் ஹெல்மெட்டோடு நின்ற ஒருவர் “பாட்டி சொல்றது கரெக்ட்தாங்க” என்றார். இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் முந்தின நாளே பிறந்துவிட்டது என்று எழுதி வாங்கியிருப்பார்.

இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறு விஷயம். அந்த ஒரு நாள் லேட்டுக்குக் காரணமே அத்தைதான். குழந்தை தலை திரும்பவில்லை, ஆபரேஷன்தான் என்று டாக்டர் கொடுத்த தேதி ஜூலை 30, சனிக்கிழமை காலை. அத்தை பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு முகம் வெளிறி வந்து, “ஆயில்யம்!” என்றார். ஆயில்யத்தில் பெண் பிறந்தால் மாமியாருக்கு ஆகாதாம். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றே யாருக்கும் தெரியாது. இன்னும் பிறக்காத பெண்ணுக்கு, எங்கோ இருக்கிற ஒரு பையனின் அம்மா தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் கவலை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வர மாட்டார். திங்கட்கிழமை ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? டாக்டரும் இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார். ஊரில் தேர் நகர்ந்த அதே காலையில் இங்கே இவள் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வேறு என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது?

சரி, ப்ரீ.கே.ஜி.க்காவது இடம் கிடைக்குமா என்று அடுத்த நாள் ‘இன்டராக்‌ஷன்’. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு இன்டர்வியூ என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. என்னவர் தெருமுனை அங்கன்வாடியிலேயே விடலாமே என்றுதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேருமே அங்கே சத்துருண்டை தின்று வளர்ந்தவர்கள்தான். இவளுக்கும் அங்கே முட்டை போடுகிற நாள் தெரியும், போய் உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் கிளம்பிப் போனோம். ஏன் என்று கேட்காதீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மேடம் குனிந்து, கன்னத்தைத் தொட்டு, “வாட்ஸ் யுவர் நேம்?” என்றார். இவள் பளிச்சென்று, “ஒரு நாள் லேட்டு” என்றாள்.

இடம் கிடைத்துவிட்டது. வருஷத்துக்கு 65,000 ரூபாய், இரண்டு தவணை. முதல் தவணை பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஒரு நாள் தள்ளினால் அபராதம். ஒரு நாளுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் மூன்றாவது மாடிக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். அவர் பெண்ணுக்கு அதே பள்ளியில் எல்.கே.ஜி. கிடைத்துவிட்டது. பிறந்த தேதி? அதே ஜூலை 30 காலை. அவர் போனதும் நான் ஒன்றும் பேசாமல் அத்தையைப் பார்த்தேன். மைசூர்பாக்கைக் கடித்துக்கொண்டே, “சீட்டு கெடச்சு என்ன, மாமியார் கெடைக்கணுமே” என்றார்.

சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போன பிறகுதான் உறைத்தது. என் நட்சத்திரமும் ஆயில்யம்தான். அதனாலேயே நான்கு இடத்திலிருந்து என் ஜாதகம் திரும்பி வந்தது. ஐந்தாவதாக வந்தது அத்தை. அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பஜ்ஜித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “ஆகாதது எனக்குத்தான? பையனுக்கு ஒண்ணும் இல்லைல்ல? அத நான் பாத்துக்கிடுதேன்” என்றாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ராத்திரி கேட்டேவிட்டேன். “என்னையவே கட்டிக்கிட்டு வந்தீங்க. அப்புறம் இவளுக்கு மட்டும் எதுக்கு அத்தை ஆயில்யம் வேண்டாம்னீங்க?”

“எல்லா வீட்லயும் ஒத்துக்கிடுவாகளா?” என்றார், சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம், “சத்தத்தக் கொஞ்சம் கூட்டு” என்றார்.