டொயோட்டா பார்ட் நம்பரைப் படிப்பது எப்படி

பெட்டியில் கோடு இல்லாமல் நீளமாக அச்சிட்டிருந்தாலும் 5-5-2 என்று பிரித்துப் படியுங்கள். முதல் ஐந்து, அது என்ன பாகம் என்று சொல்லும். 04465 முன் பிரேக் பேடு, 04466 பின் பேடு. 81110 வலது ஹெட்லைட், 81150 இடது. வலது இடது எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. வண்டிக்கு எதிரே நின்று சொல்லி மாற்றி வாங்கி வருபவர்கள்தான் அதிகம்.

அடுத்த ஐந்தில் முதல் இரண்டைப் பாருங்கள். பெரும்பாலும் வண்டியின் குறி அங்கேதான். இன்னோவா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் பாகங்களில் ‘0கே’ அடிக்கடி வரும். அதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்த 0கே குடும்பத்துக்குள்ளேயே பேடு அளவு மாறும். சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேட்டால்தான் இந்த இரண்டாவது ஐந்தின் சரியான கடைசி மூன்று எழுத்து கிடைக்கும்.

90-ல் தொடங்கினால் பொதுச் சாமான்: போல்ட், வாஷர், சீல் மாதிரி. இதில் வண்டிக் குறிக்குப் பதில் அளவு இருக்கும். ஆயில் டிரைன் போல்ட் வாஷர் 90430-12031. அந்த 12, 12 மி.மீ. போல்ட்டுக்கானது.

கடைசி இரண்டு பெரும்பாலும் நிறம். ஸ்பிரிங்குக்கு அது தேவைப்படாது. கதவுக் கைப்பிடிக்கும் உள் டிரிம்முக்கும் அதை விட்டுவிட்டால் பொருந்தும், ஆனால் வேறு நிறத்தில் வரும்.

பழைய நம்பர் கேட்டு புது நம்பர் பெட்டி வந்தால் பதற வேண்டாம். கம்பெனி நம்பரை மாற்றியிருக்கலாம், டீலர் கணினியில் இரண்டும் இணைந்தே தெரியும். நம்பர் சரியாக இருப்பதே ஒரிஜினலுக்குச் சாட்சி இல்லை. போலிப் பெட்டியிலும் அதே நம்பர்தான் அடிப்பார்கள்.