கையெழுத்து வாங்கிய நிரல் தேர்வில் தேறவில்லை

எங்கள் கல்லூரிக்கு வளாகத் தேர்வு நடத்த வந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளர் சேவைக்கே ஆள் எடுத்தன. இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) முடித்த எனக்கு மென்பொருள் வேலைதான் வேண்டும் என்ற பிடிவாதம். கல்லூரிக்கு வெளியே நாமே விண்ணப்பிக்கும் ஆஃப் கேம்பஸ் வழிதான் மிச்சம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த அறிவிப்புகளுக்கெல்லாம் விண்ணப்பித்தேன். முதலில் ஒரு திறனறித் தேர்வு எழுதுங்கள், பிறகு பார்க்கலாம் என்பதுதான் அநேகமாக எல்லோருடைய பதிலும்.

ஆம்கேட், இலிட்மஸ், டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. என்று பெயர்கள் பல. சோதிப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: ஆங்கிலம், கணக்கு, தர்க்கம், வேலைக்குத் தகுந்தபடி நிரலாக்கம் (புரோகிராமிங்). கணக்குப் பகுதியில் சதவீதம், ரயிலின் வேகம், வேலையும் நாட்களும். பொறியியல் கணிதத்தில் தாள் தாளாக எழுதித் தேறியவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று என் அறைத்தோழி சிரித்தாள். பாடம் பொருட்டில்லைதான். நான்கு வருடம் பல்கலைக்கழகத் தேர்வு எழுதிப் பழகிய கைதான் சிக்கல்.

அங்கே எல்லாக் கேள்வியையும் தொட வேண்டும். விடை வராவிட்டாலும் சூத்திரத்தை எழுதி வைத்தால் கொஞ்சம் மதிப்பெண் கிடைக்கும். இங்கே வழிமுறையை யாரும் பார்ப்பதில்லை. ஆம்கேட்டில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு கேள்வி. கடந்து போன கேள்விக்குத் திரும்ப முடியாது. நாம் தரும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் ஏறும், இறங்கும். கேள்விகள் கடுமையாகிக்கொண்டே போகின்றனவே என்று கலங்குகிறவர்கள் உண்டு. நன்றாக எழுதுகிறோம் என்பதற்கு அதுதான் அறிகுறி. இலிட்மஸ் இதற்கு நேர்மாறு. நான் எழுதியபோது 2 மணி நேரத்துக்கு 60 கேள்விகள். தவறுகள் ஓர் அளவைத் தாண்டினால் மதிப்பெண் வெட்டு. எழுத்துகளுக்கு உரிய இலக்கங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பெருக்கல் புதிர் ஒன்று அதில் பேர்போனது. அதை உடைத்துவிட்டால் அதை ஒட்டிய கேள்விகளுக்கும் விடை கையில். எனவே மற்றவற்றில் பாதியை மனமறிந்து விட்டுவிட்டு அதில் உட்காருவது லாபம். பக்கத்தை நிரப்பியே வளர்ந்தவளுக்கு ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போவதற்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

நிரலாக்கப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆம்கேட்டைக் கொண்டுவந்த ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 2008 இல் தொடங்கப்பட்டது. 2019 இல் எஸ்.எச்.எல். என்ற நிறுவனம் அதை வாங்கியது. 2017 இல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் வெளியிட்ட ஓர் ஆய்வு பெரிய விவாதமானது. 500க்கும் மேற்பட்ட கல்லூரிகளைச் சேர்ந்த 36,000க்கும் அதிகமான பொறியியல் மாணவர்களைச் சோதித்ததில் 4.77 சதவீதத்தினர்தான் ஒரு நிரலுக்குச் சரியான தர்க்கத்தை எழுதினார்கள் என்றது அந்த ஆய்வு. தேர்வு விற்பவர்களே நோயையும் கண்டுபிடித்துச் சொல்கிறார்களே என்று எனக்கு அதன் மேல் ஒரு சந்தேகம். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்த எண் ஏன் அவ்வளவு சிறியது என்பது மட்டும் மாதிரித் தேர்வுகளில் உட்கார்ந்தபோது விளங்கிவிட்டது.

கல்லூரி லேபில் எந்த நிரலானாலும் ‘எண்ணை உள்ளிடுக’ என்று திரையில் அச்சிடும் வரியோடுதான் தொடங்குவோம். பார்ப்பவர் ஆசிரியர், அவருக்குப் புரிய வேண்டும். தேர்வில் பார்ப்பது இயந்திரம். விடை 24 என்றால் திரையில் 24 மட்டுமே வர வேண்டும். நாம் மரியாதைக்குச் சேர்த்த அந்த ஒரு வரியால் அத்தனை டெஸ்ட் கேஸும், அதாவது நிரலைச் சோதிக்க இயந்திரம் கொடுத்துப் பார்க்கும் உள்ளீடுகள் அனைத்தும், தவறாகிவிடும். தர்க்கம் சரி, மதிப்பெண் பூஜ்யம்.

இன்னொன்று, ஃபேக்டோரியல்: 1 முதல் ஓர் எண் வரை எல்லா எண்களையும் பெருக்கி வரும் விடை. முதல் வருட சி மொழி லேபில் எல்லோரும் எழுதிய நிரல். 5 கொடுத்தால் 120 வந்தது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வந்தது. முழு எண்ணைச் சேமிக்கும் சாதாரண இன்ட் மாறியில் சுமார் 214 கோடி வரைதான் அடங்கும். 12 வரை பிழைக்கும். 13க்கு விடை 622 கோடியைத் தாண்டுவதால் திரையில் சம்பந்தமில்லாத ஓர் எண் நிற்கும். லேபில் 13ஐ யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. தேர்வில் மறைத்து வைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களில் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். பூஜ்யம் இருக்கும், எதிர்ம எண் இருக்கும், ஒரே உறுப்பு கொண்ட அணி (அர்ரே) இருக்கும். அதற்குப் பிறகு புதுப் புத்தகம் எதையும் நான் வாங்கவில்லை. பழைய லேப் ரெக்கார்டையே எடுத்து, ஒவ்வொரு நிரலுக்கும் அதை உடைக்கக்கூடிய உள்ளீட்டைத் தேடினேன். உருப்படியான தயாரிப்பு என்று சொன்னால் அது ஒன்றுதான்.

ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் சில நிறுவனங்களில் உண்டு. திரையில் உள்ள வாக்கியத்தை வாசிக்க வேண்டும், காதில் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு தலைப்பில் சிறிது நேரம் பேச வேண்டும். மதிப்பிடுவது கணினி. அழகான ஆங்கிலத்தைத் தேடி இடையிடையே நிறுத்தினால் சரளம் குறைகிறது என்றே அது கணக்கு வைக்கும். எளிய வாக்கியங்களை விடாமல் பேசுவது போதும். எனக்கு வந்த சோதனை வேறு. அது ஆடி மாதம். எங்கள் தெரு அம்மன் கோயிலில் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தேர்வு நேரமாகப் பார்த்துப் பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு ஏது தைரியம்? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊரில் சித்தி வீட்டுக்குப் போய் எழுதினேன். சித்தப்பா மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்.

ஆளுமைத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே கருத்தை வேறு வேறு சொற்களில் கேட்டு நம் பதில் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். நல்லவளாக நடித்தால் நடித்ததை நினைவிலும் வைத்திருக்க வேண்டும். அதைவிட உள்ளதைச் சொல்வது சுலபம்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளில் கேமரா கண்காணிப்பு பெரிய தலைவலி. ஒரு நிறுவனத்தின் தேர்வில், தாளில் கணக்குப் போடக் குனிந்ததற்கெல்லாம் முகம் தெரியவில்லை என்று எச்சரிக்கை வந்தது. கடைசியில் தேர்வே மூடிக்கொண்டது. மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இன்றுவரை இல்லை. எழுதுபவர்களுக்கு என் யோசனை: தாளை மடியில் வைக்காமல் விசைப்பலகைக்கு முன்னால் வையுங்கள், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். தேர்வே இல்லாமல் வேலை, முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று அழைக்கும் கன்சல்டன்சிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

முடிவு பெர்சென்டைலில் வரும். 85 என்றால் நூற்றுக்கு 85 மதிப்பெண் இல்லை. எழுதியவர்களில் 85 சதவீதத்தினர் நமக்குக் கீழே என்று கணக்கு. அதனால் நம் அறிவு கூடாமலே கூட்டத்தைப் பொறுத்து அது ஏறலாம், இறங்கலாம். எனக்குத் தர்க்கத்தில் நன்றாகவும் ஆங்கிலத்தில் நடுத்தரமாகவும் வந்தது. அதை வைத்து அழைத்தவர்களில் சென்னையைச் சேர்ந்த ஒரு சிறிய மென்பொருள் நிறுவனமும் இருந்தது. அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு நிரலாக்கத் தேர்வை வைத்தார்கள்.

நேர்காணலில் என் பெர்சென்டைலை யாரும் கேட்கவில்லை. அந்தத் தேர்வில் நான் எழுதிய நிரலைத் திரையில் திறந்து, இந்த இடத்தில் ஏன் லாங் லாங் (இன்ட்டைவிடப் பெரிய எண் அடங்கும் மாறி) என்று கேட்டார்கள். 13 ஃபேக்டோரியல் கதையைச் சொன்னேன். இன்னும் பெரிய எண் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. பேச்சு அரைமணி நேரம் அதிலேயே ஓடியது. ஆகவே, நிரலாக்கத் தேர்வு முடிந்ததும் எழுதியதை நினைவிலிருந்து ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து அழைப்பு வரும்போது, நீங்கள் மறந்துவிட்ட நிரல் அவர்கள் கையில் இருக்கும்.